தேயிலை விற்க எடுத்த படமும் லயனல் வென்ட்டும்

தம்பி, தேத்தண்ணியை எடுங்கள், ஆறிப்போகும். கொழும்பு 7இல் நாடகம் பார்க்கப் போன மண்டபத்துக்கு 'லயனல் வென்ட்' என்று பேர் போட்டிருந்தது, யாராவது பழைய கவர்னராக இருக்குமோ காக்கா என்று கேட்டீர்களே. அவர் கவர்னர் இல்லை. கமராக்காரர். அதற்கு முன்னால் பியானோக்காரர், அதற்கும் முன்னால் சட்டம் படித்தவர். நீங்கள் போனில் எடுத்துவந்து காட்டுகிற படங்களில், அதிலும் கரைவலை இழுக்கிறவர்களின் முதுகையும் கைகளையும் மட்டும் எடுத்த அந்தப் படத்தில், அவருடைய சாயல் இருக்கிறது. பேரைக் கேள்விப்படும் முன்னமே அந்தச் சாயல் உங்களுக்கு வந்துவிட்டது. அதனால்தான் இதை ஆறுதலாக உட்கார்ந்து சொல்ல விரும்பினேன்.

தொடங்குவதற்கு இந்தத் தேத்தண்ணியே போதும். 1930களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க வியாபாரம் படுத்துக் கிடந்தது. தேயிலை விலையும் விழுந்தது. இலங்கைத் தேயிலையை வெளிநாடுகளில் விளம்பரம் செய்யவென்று ஒரு சபையை அமைத்தார்கள். அந்தச் சபைக்கு ஊர்காட்டும் சின்னப் படங்கள் நாலு தேவைப்பட்டன. லண்டனில் ஜோன் கிரியர்சன் என்பவர் ஆவணப்படம் எடுக்கும் இளைஞர்களைத் திரட்டி வைத்திருந்தார். அவர்களில் ஒருவரான பசில் ரைட் 1934இல் கமராவோடு இங்கே வந்தார். நாலு சின்னப் படங்களுக்கு வந்தவர், நாலு பகுதிகள் கொண்ட ஒரே படமாக, நாற்பது நிமிடத்துக்குக் கிட்ட, 'சோங் ஒஃப் சிலோன்' என்ற படத்தை எடுத்து முடித்தார். 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் அதற்கு முதற்பரிசு கிடைத்தது. ஆவணப்படத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லாமல் போவதில்லை. தேயிலை விற்கக் கேட்ட படம் இப்படி ஆனதற்கு ரைட்டின் கண் ஒரு காரணம். இங்கே அவருக்கு வாய்த்த வழித்துணை இன்னொரு காரணம். அந்த வழித்துணை வென்ட். படம் முழுக்கக் கேட்கிற விவரணைக் குரலும் வென்ட்டுடையதுதான்.

லயனல் வென்ட் 1900ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். வாப்பா பறங்கியர், உயர் நீதிமன்ற நீதியரசர். தாய் சிங்களக் குடும்பம். வாப்பாவுக்கும் கமராவில் ஆசை இருந்தது. நூறு வருசத்துக்கு முந்திய கொழும்பில் அமெச்சூர் படப்பிடிப்பாளர் சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். மகன் லண்டனுக்குப் போய் பாரிஸ்டர் படிப்புப் படித்தார், கூடவே ரோயல் அக்கடமியில் பியானோவும் படித்தார். 1924இல் ஊர் திரும்பினார். சட்டத் தொழில் கொஞ்ச நாள்தான். பிறகு பியானோ. கொழும்பு கேட்டுப் பழகாத புதிய இசையமைப்பாளர்களை மேடையில் வாசித்தார். நீங்கள் ஹெட்போனில் கேட்கிற, றேடியோவில் ஒருநாளும் வராத பாட்டுகளைப் பற்றிச் சொல்வீர்களே, அன்றைக்கு அவருடைய கச்சேரிகள் அந்த இடத்தில்தான் இருந்தன. வந்து கேட்பவர்கள் கொஞ்சப் பேர். வந்தவர்கள் விடமாட்டார்கள்.

1929இல் சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதா கொழும்பில் தூதரக அலுவலராக இருந்தார். இளம் வயது, தனிமை, வெள்ளவத்தைக் கடலோரத்தில் ஒரு வீடு. வென்ட்டிடம் பெரிய நூலகம். இங்கிலாந்தில் புதிதாக வருகிற புத்தகமெல்லாம் அவருக்கு வந்துவிடும். கிழமைக்கு ஒருதடவை ஒரு சைக்கிள்காரரிடம் சாக்கு நிறையப் புத்தகம் கட்டி நெரூதாவின் வீட்டுக்கு அனுப்பி வைப்பாராம். நெரூதா தன் நினைவுக் குறிப்புகளில் இதை நன்றியோடு எழுதியிருக்கிறார். எனக்கு வென்ட்டைப் பிடித்துப்போனது படங்களால் அல்ல, முதலில் இந்தச் சாக்கால்தான். ஒரு புத்தகம் தனக்குப் பிடித்தால் அது இன்னொருவர் கைக்குப் போகும்வரை அந்த மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. ஜோர்ஜ் கீற் என்ற ஓவியரைத் தூக்கி நிறுத்தியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. யாரும் வாங்காத காலத்தில் கீற்றின் படங்களைப் பற்றிப் பேசினார், எழுதினார், பார்க்க ஆட்களைக் கூட்டி வந்தார்.

இப்போது படத்துக்கு வருவோம். இங்கேதான் நீங்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்கவேண்டும், ஏனென்றால் நீங்கள் இருட்டறையைக் கண்டதில்லை.

முன்பு எங்கள் பிரதான வீதி ஸ்டூடியோக்களில் முன்பக்கம் திரையும் கதிரையும் இருக்கும், பின்பக்கம் ஒரு சின்ன அறை, உள்ளே சிவப்பு பல்ப். பிலிமிலும் தாளிலும் பூசியிருப்பது வெள்ளி உப்பின் மிகச்சிறிய மணிகள். வெளிச்சம் பட்ட மணியில் ஒரு மாற்றம் நடக்கும், கண்ணுக்குத் தெரியாது. தாளை டெவலப்பர் என்ற மருந்துத் தண்ணியில் போட்டால், வெளிச்சம் பட்ட மணி முழுவதும் கறுப்பு வெள்ளியாக மாறும். பிறகு 'ஹைப்போ' என்ற மருந்தில் போட்டால், வெளிச்சம் படாத மணிகள் கரைந்து போய்விடும். படம் நிலைக்கும். அந்தத் தாளுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது, அதனால்தான் சிவப்பு பல்ப். வெறும் வெள்ளைத் தாள் தண்ணிக்குள் கிடக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதலில் தலைமுடி, பிறகு கண், பிறகு சட்டையின் மடிப்பு என்று ஒரு முகம் எழும்பி வரும். அதை ஒருதடவை கண்டவர்களுக்கு மறக்காது.

மருந்துக்கு 20 பாகை வெப்பம்தான் உகந்தது. எங்கள் ஊர் வெயிலில் அது எப்படிச் சரிவரும்? சூடு கூடினால் பிலிமின் மேல்பூச்சு ஊதி, மெதுவாகி, கீறுபடும். ஆகவே வெப்ப நாடுகளில் வேலை செய்தவர்கள் தட்டைச் சுற்றி ஐஸ் வைத்துப் பாடுபட்டார்கள். கொழும்பிலும் இதே சூடுதான். வென்ட்டின் படங்களைப் பார்க்கும்போது இந்தக் கஷ்டத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அறைக்குள் என்ன செய்யக்கூடாது என்று எந்தப் பழைய ஸ்டூடியோக்காரரிடம் கேட்டாலும் ஒன்றைத்தான் முதலில் சொல்வார்: படம் மருந்துக்குள் கிடக்கும்போது வெள்ளை விளக்கைப் போடாதே. போட்டால் எல்லாம் கறுத்துப் போகும். வென்ட் அதைத்தான் வேண்டுமென்றே செய்தார். 1929 அளவில் பாரிஸில் மான் ரே, லீ மில்லர் என்ற இரண்டு கமராக்காரர்கள் இந்த வித்தையைக் கையாளத் தொடங்கியிருந்தார்கள். சோலரைசேஷன் என்று பேர். நெகட்டிவ், அதாவது வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெளிறியும் பதிகிற பிலிம், பாதி கழுவப்பட்டிருக்கும்போது ஒரு கணம் வெளிச்சத்தைக் காட்டி அணைப்பது. முன்பே கறுத்துவிட்ட இடங்களில் பெரிய மாற்றம் வராது. அதுவரை வெளிறிக் கிடந்த இடங்கள், அதாவது நிழலும் பின்புலமும், இப்போது கறுக்கத் தொடங்கும். இரண்டும் சந்திக்கிற ஓரத்தில்தான் அழகு. ஒரு பக்கத்தில் வேலை முடிந்து வெளியேறுகிற உப்பு, அந்த ஓரத்தில் மருந்தின் வேகத்தைத் தடுத்துவிடும். அங்கே மட்டும் ஒரு மெல்லிய கோடு வெறுமையாய் மிஞ்சும். அந்த நெகட்டிவிலிருந்து படம் போட்டால் தோளைச் சுற்றி, கன்னத்தைச் சுற்றிப் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு இருக்கும். யாரும் இழுத்த கோடல்ல அது. வெளிச்சமும் நிழலும் தங்களுக்குள் போட்டுக்கொண்ட எல்லை.

ஒரு கணம் கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். மருந்தின் வயது, தண்ணியின் சூடு, விளக்கின் தூரம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு. நேற்று வந்தது இன்று வராது. பியானோக்காரர் ஒருவருக்கு இந்த வேலை பிடித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒவ்வொரு தடவையும் காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் அவருக்கு ஏற்கனவே இருந்தது.

இன்னும் இரண்டு வேலைகள் செய்தார். ஒன்று கமராவே இல்லாமல் படம் எடுப்பது: தாளின் மேல் இலையையோ கண்ணாடித் துண்டையோ வைத்து வெளிச்சம் காட்டினால் அதன் நிழல் வெள்ளையாகப் பதியும். மற்றது, வேறு வேறு நெகட்டிவ்களை ஒரே தாளில் சேர்த்துப் போடுவது. இதை விளங்கிக்கொள்ள நீங்கள் பாரிஸுக்குப் போகத் தேவையில்லை. எங்கள் கல்முனைச் சோலைக்கிளியின் கவிதையை வாசித்தவர் நீங்கள். 'நானும் ஒரு பூனை', 'எட்டாவது நரகம்', 'காகம் கலைத்த கனவு' என்ற தலைப்புகளே போதும். சேராததைச் சேர்த்து வைத்து, சேர்ந்த பிறகு அது எப்போதும் அப்படித்தான் இருந்தது என்று எங்களை நம்ப வைப்பார். முதலில் வாசித்தபோது இது என்ன கவிதை என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். வென்ட்டின் ஒட்டுப்படங்களைக் கண்ட கொழும்பும் அப்படித்தான் கேட்டிருக்கும். ஆனால் இரண்டு பேருக்கும் ஊர் தெரியும். சோலைக்கிளியின் காகம் எங்கள் வளவுக் காகம். வென்ட்டின் தென்னையும் வயலும் மீன்பிடிகாரரும் பொலநறுவைச் சிலையும் அவர் நடந்து திரிந்த இடங்கள். புதினமான வேலையை வெளியிலிருந்து படித்தார்கள். படத்துக்கான பொருளை மட்டும் வெளியில் தேடவில்லை.

1934இல் இலங்கைப் படப்பிடிப்பாளர் சங்கம் மீண்டும் உயிர்பெற்றதில் வென்ட்டுக்கு முக்கிய பங்கு உண்டு. 1938இல் லண்டனில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. அவருடைய படங்களில் ஆண் உடம்பைப் படம்பிடித்தவை நிறைய. வியர்வையும் தசையும் நிழலும் சேர்ந்த படங்கள். அவற்றுள் ஓர் ஆசை இருக்கிறது என்று இன்றைக்கு எழுதுகிறவர்கள் வெளிப்படையாகவே எழுதுகிறார்கள். படங்களைப் பார்க்கிற எவருக்கும் அது தெரியும். அன்றைய கொழும்பில் அதைச் சுவரில் தொங்கவிட நெஞ்சுறுதி வேண்டும். நான் உங்களுக்கு இதை மறைத்துச் சொன்னால் பாதி மனிதரைத்தான் சொன்னவனாவேன்.

சரி, மறுபடி தேயிலைப் படம். அதில் எனக்கு மிகப் பிடித்த விசயம் சத்தம். வென்ட் வாசிக்கிற வாசகங்கள் 1934இல் எழுதியவை அல்ல. ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து எடுத்தவை. நொக்ஸ் எங்கே பிடிபட்டார் என்று தெரியுமா? இந்தக் கரையோரமாகவே வடக்கே போனால், மட்டக்களப்பும் தாண்டி, மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரக் குடாவில். 1660இல் கப்பல் பழுதுபார்க்க ஒதுங்கிய இடத்தில் கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். பத்தொன்பது வருசம் கண்டி இராச்சியத்துக்குள்ளேயே வாழ்ந்துவிட்டு, 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்புக்குத் தப்பிப்போனார். அந்தப் பழைய கைதியின் வார்த்தைகளை, கொழும்பில் பிறந்த வென்ட்டின் நிதானமான குரலில், இருபதாம் நூற்றாண்டுக் காட்சிகளின் மேல் ரைட் வைத்தார். பார்க்கிறது இன்றையது, கேட்கிறது இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்தியது. இரண்டுக்கும் நடுவே என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று பார்க்கிறவர் தானே யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதற்பகுதியில் மலை ஏறுகிறார்கள். பாவாதமலை. கிழவிகளும் பிள்ளைகளும் மூச்சு வாங்கி ஏற, மேலே மணி அடிக்கிறது. மணியோசையோடு ஒரு பறவை எழும்பிப் பறக்கிறது, ஓசை அதன் பின்னால் போகிறது. பறவையும் மணியும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. வெட்டி ஒட்டுகிற மேசையில் சந்தித்தவை அவை. ஆனால் பார்த்தபிறகு பிரிக்க முடியாது.

படத்தில் ஏறுகிறவர்கள் பௌத்த யாத்திரிகர்கள். நம்மவர்களும் அந்த மலைக்கு நெடுங்காலமாய்ப் போய்வந்திருக்கிறார்கள். இப்னு பதூதா 1344இல் ஏறியிருக்கிறார். அந்தக் கதை படத்தில் இல்லை. எங்கள் கரையும் படத்தில் இல்லை. அதைக் குறையாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். நாற்பது நிமிடத்தில் ஒரு நாட்டைக் காட்டுகிறேன் என்று வருகிற எவரும் சிலரை வெளியே விட்டுவிடுவார்கள், யாரை விட்டார்கள் என்று பார்ப்பது பார்வையாளரின் பொறுப்பு.

மூன்றாம் பகுதிக்கு 'வியாபாரத்தின் குரல்கள்' என்று பொருள்படும் பேர். இதை நன்றாகக் கவனியுங்கள். ஒருவர் தேங்காய் பறிக்கத் தென்னையில் ஏறுகிறார். எங்கள் ஊரில் தினமும் காண்கிற காட்சி. காதில் விழுவதோ அவர் மூச்சு அல்ல. கப்பல் புறப்படும் நேரம், சந்தை விலை, வியாபாரக் கடிதத்தின் வாசகங்கள், ஆங்கிலத்தில், ஒன்றின்மேல் ஒன்றாய். மரத்தில் ஏறுகிற மனிதருக்கு அந்தக் குரல்கள் கேட்காது. ஆனால் அவர் பறிக்கிற தேங்காயின் விலையை அந்தக் குரல்கள்தான் தீர்மானிக்கின்றன. தேயிலை பறிக்கிற பெண்களும் வருகிறார்கள். மலையகத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள். முகம் தெரிகிறது, கை தெரிகிறது. பேசுவது விலை சொல்கிறவர்கள். பணம் கொடுத்த தேயிலைச் சபை கேட்டது விளம்பரம். கிடைத்த படத்துக்குள் இந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது. ரைட் ஒரு வார்த்தையாலும் வியாபாரத்தைத் திட்டவில்லை. சத்தத்தையும் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான். இரண்டு நெகட்டிவை ஒரே தாளில் சேர்க்கிற வென்ட்டின் வேலையும் இதுவும் ஒரே குடும்பம். ஆளுக்கு ஆள் யார் யாரிடம் கற்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தின் கலைஞர்கள் பலருக்கு அந்த ஆசை இருந்தது, இந்த இரண்டு பேரும் இலங்கையில் சந்தித்தார்கள்.

இசை அமைத்தவர் வோல்ட்டர் லீ. ஆனால் மனதில் நிற்பது கண்டி மேளமும் ஆட்டமும். அன்றைய கொழும்பின் பெரிய வீடுகளில் அந்த மேளத்தை யார் மதித்துக் கேட்டார்கள்? லண்டனில் பியானோ படித்து வந்த வென்ட் அதை மதித்துக் கேட்டார், ஆட்டக்காரரைப் படம்பிடித்தார். ஒன்றைப் படித்ததால் மற்றது தாழ்வாய்த் தெரியாத காது அது. அந்தக் காதுதான் அரிது.

1943 ஓகஸ்டில் வென்ட்டின் வீட்டில் ஓவியர்கள் சிலர் கூடினார்கள். அதுவரை ஓவியம் என்றால் ஆங்கிலேயச் சங்கத்தின் ருசிதான் சட்டம்: பூச்சாடி, சூரிய அஸ்தமனம், கனவான்களின் முகம். அதிலிருந்து விலகிய இவர்கள் தங்களை '43 குழு' என்று அழைத்துக்கொண்டார்கள். ஹரி பீரிஸ், ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ஜோர்ஜ் கிளாசன், ஒப்ரி கொலற், பிக்குவாக இருந்து ஓவியரான மஞ்சுசிறி, ரிச்சர்ட் கேப்ரியல். யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகம் நடத்திய எஸ். ஆர். கனகசபையின் பேரும் அந்தப் பட்டியலில் உண்டு. அதே நவம்பரில் முதல் கண்காட்சி வைத்தார்கள். பிற்காலத்தில் லண்டன், பாரிஸ், வெனிஸ் வரைக்கும் அவர்களின் படங்கள் போயின. ஒருவர் வரைவதுபோல் மற்றவர் வரையவில்லை. ஒரே பாணி இல்லாத குழு. அவர்களை ஒரே கூரையின் கீழ் இருத்தியவர் தூரிகை பிடிக்காத கமராக்காரர்.

அடுத்த வருசமே, 1944 டிசம்பர் 19இல், வென்ட் காலமானார். வயது 44. அவருடைய நெகட்டிவ்கள் பிறகு அழிக்கப்பட்டுவிட்டன. இதைக் கேட்டு நீங்கள் முகம் சுருக்குவது தெரிகிறது. அச்சுப் போடுவதும் படம் எடுத்தவரின் கைவேலைதான், அவர் போன பிறகு இன்னொருவர் போட்டால் அது அவர் படமாகாது என்று நினைத்த காலம் அது. அந்த நினைப்பில் நியாயம் இருக்கிறது. சோலரைசேஷன் பற்றி இப்போதுதானே பேசினோம், அந்தக் கை போனபின் அந்தப் படத்தை யார் போடுவது? இருந்தும் எனக்கு மனம் ஆறுவதில்லை. மிஞ்சியவை அவர் தன் கையால் போட்டு வைத்த படங்கள். நண்பர்கள் 1950இல் 'லயனல் வென்ட்ஸ் சிலோன்' என்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். 1953இல் நீங்கள் போன அந்த மண்டபம் திறக்கப்பட்டது. இன்றைக்கு நாம் வென்ட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்றால், படம் பலர் கையில் இருந்ததால்தான் பேசுகிறோம்.

இந்தக் கரையில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோர வீடுகள் போயின. வீட்டோடு அல்பங்களும் போயின. உம்மாவின் கல்யாணப் படம், மௌத்தான பிள்ளையின் பள்ளிக்கூடப் படம் எல்லாம் கடலோடு போன குடும்பங்கள் இங்கே எத்தனை. முன்னொரு காலத்தில் இன்னொரு பிரதி போட்டு வெளியூரில் மாமி வீட்டுக்கோ சவூதியில் இருந்த காக்காவுக்கோ அனுப்பி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஒரு முகம் திரும்பக் கிடைத்தது. உங்கள் போனில் ஆயிரக்கணக்கில் கிடக்கிறதே, அதில் எத்தனை இன்னொரு இடத்தில் இருக்கிறது? தாளில் போட்டு, பின்பக்கம் பேரையும் ஊரையும் வருசத்தையும் எழுதி, இரண்டு வீட்டில் கொடுத்து வையுங்கள். வென்ட்டின் படங்களில் எனக்குள்ள ஒரே மனக்குறை அதுதான்: எத்தனையோ முகங்களுக்குப் பேர் இல்லை. கரைவலைக்காரர்களின் பேர் உங்களுக்குத் தெரியும். எழுத உங்களால் முடியும்.

எங்கள் பக்கத்தைக் கமராவால் பொறுமையாகப் பார்த்தவர்களும் இல்லாமலில்லை. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கினார்; பிறகும் பல வருசங்கள் வந்து போனார். குடி வழமை, தாய்வழி, பள்ளிவாசல், கோயில் என்று எல்லாவற்றையும் எழுதினார், படமும் எடுத்தார். அவருடைய பெரிய புத்தகம் 2008இல் வெளிவந்தது. ஆராய்ச்சிக்காரர் எடுத்த படம் வேறு, வென்ட் எடுத்த படம் வேறு. ஒன்றில் விசயம் முதலில், மற்றதில் வெளிச்சம் முதலில். இரண்டையும் ஒருசேரச் செய்கிற ஆள் இன்னும் இந்த ஊரில் வரவில்லை என்றே நான் நினைக்கிறேன். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு பேசுகிறேன்.

என்ன எடுக்கலாம் என்று கேட்டீர்கள். ஜமாதுல் ஆகிர் பிறை கண்டு கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் கொடி ஏறுகிறது. பக்கீர் பாவாமார் வருவார்கள், றபானை அடித்து பைத் பாடுவார்கள், ரிபாய் ராத்திபு நடக்கும். இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று சொல்கிறவர்கள் ஊரில் உண்டு. அவர்களின் நியாயத்தையும் நான் கேட்டிருக்கிறேன். அந்த வழக்கை நீங்கள் தீர்க்கவேண்டாம். அந்தக் குரல் தேய்ந்துகொண்டு வருகிறது, பதிவு செய்கிறவர்கள் குறைவு, அவ்வளவுதான் உங்கள் கணக்கு. பொல்லடிக்கு அண்ணாவிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வயற்காவலிலும் வீட்டு முற்றத்திலும் பாடிய கவிகளை நினைவில் வைத்திருக்கிற மூத்தம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். முகம் காட்டாமல் குரலை மட்டும் தர அவர்கள் சம்மதிக்கலாம், கேட்டுப் பாருங்கள். கேட்காமல் போனைத் தூக்க வேண்டாம். சம்மதம் இல்லாத இடத்தில் கமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.

படத்தையும் குரலையும் தனித்தனியாக எடுங்கள். றபானின் அடி ஒரு பதிவு, பாவாவின் கை ஒரு படம், காலையில் கரைவலை இழுக்கிறவர்களின் ஏலேலம் இன்னொரு பதிவு. எதன் மேல் எதை வைப்பது என்பதைப் பிறகு வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். போனில் வருகிற ஆயத்த பில்டரைத் தொடாதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்து தொடுங்கள். எந்த இடத்தைக் கறுப்பாக்கியது, எந்த ஓரத்தில் கோடு போட்டது, நீங்கள் கேட்ட கோடுதானா அது?

இன்றைக்கு இரவு கரண்ட் இருந்தால் இணையத்தில் 'சோங் ஒஃப் சிலோன்' என்று தேடுங்கள், கிடைக்கும். முழுவதையும் ஒரேயடியாகப் பார்க்கவேண்டாம். மூன்றாம் பகுதியை முதலில் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் பாருங்கள். தென்னையில் ஏறுகிறவரின் காலையும், தளையையும், தேங்காய் விழுகிற விதத்தையும் மட்டும் பாருங்கள். பிறகு சத்தத்தைப் போட்டு அதையே மறுபடி பாருங்கள். நாளைக்கு அசருக்குப் பிறகு வாருங்கள், இரண்டாம் தடவை அந்த மரத்தில் என்ன மாறியது என்று எனக்குச் சொல்லுங்கள். றபானை எடுத்தபிறகு அந்தப் பதிவையும் கொண்டுவாருங்கள், இங்கேயே போட்டுக் கேட்போம்.